வீட்டில் நியூ இங்கிலாந்து மீன் சவுடர்: மாவில்லாமல் கெட்டியாக, பால் திரியாமல், மீன் உதிராமல்

கரைவலை (பாஸ்டன்)

குளிர் தொடங்கியதும் சவுடர் பற்றிய கேள்விகள் அங்கங்கே வருகின்றன. அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் நியூ இங்கிலாந்தில் பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் கெட்டியான சூப் அது. எல்லாவற்றையும் ஒரே இழையில் வைத்துக்கொள்வோம். இது மீன் சவுடருக்கு மட்டும். கிளாம் (சிப்பி வகை), சோளம் எல்லாம் வேறு இழையில் பேசலாம்.

பசை மாதிரி ஆகிவிட்டது, பால் திரிந்துவிட்டது, மீன் தூள்தூளாகிவிட்டது. குறைகள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று. ஸ்டாக்கில், அதாவது மீன் தலையும் முள்ளும் வேகவைத்து வடித்த நீரில், கவனம் இல்லாததுதான் தொடக்கம். ஸ்டாக் வெறும் தண்ணீராக இருந்தால் அதை மறைக்க மாவு சேர்க்கிறோம். மாவு அடிப்பிடிக்காமல் இருக்கக் கிளறுகிறோம். கிளறினால் மீன் போச்சு. கொதிக்கவிட்டால் பாலும் போச்சு.

6 பேருக்கு வயிறு நிறைய வரும் அளவு: தோலும் முள்ளும் நீக்கிய ஹாடக் அல்லது காட் (இரண்டும் குளிர்கடல் வெள்ளை மீன்) 1 கிலோ, உருளைக்கிழங்கு 750 கிராம், பெரிய வெங்காயம் 350 கிராம், சால்ட் போர்க் (உப்பிட்ட கொழுப்புப் பன்றி இறைச்சி) 115 கிராம், வெண்ணெய் 30 கிராம், மீன் ஸ்டாக் 1.1 லிட்டர், 35 சதவீதம் அல்லது அதற்கு மேல் கொழுப்புள்ள கிரீம் 300 மி.லி. வாசனைக்கு பே இலை 2, தைம் 4 காம்பு, மிளகு. மேலே தூவ சைவ்ஸ் (மெல்லிய வெங்காயத்தாள் வகை) அல்லது பார்ஸ்லி. பூண்டும் காரட்டும் இதில் தேவையில்லை. மீனின் இனிப்பை அவை அமுக்கிவிடும்.

ஸ்டாக்: காட், ஹாடக் போன்ற வெள்ளை மீனின் தலையும் நடுமுள்ளும் 1.5 கிலோ. செவுளை முழுவதும் வெட்டி எடுங்கள். நடுமுள்ளை ஒட்டி ஓடும் கருஞ்சிவப்பு இரத்தக்கட்டியை நகத்தால் கீறிக் கழுவுங்கள். ஸ்டாக் கலங்குவதும் கசப்பதும் பெரும்பாலும் இந்த இரண்டால்தான். ஒரு வெங்காயம், ஒரு செலரித் தண்டு, பார்ஸ்லிக் காம்பு, பத்து மிளகு, 1.75 லிட்டர் குளிர்ந்த தண்ணீர். நுரை எடுத்து, ஓரத்தில் மட்டும் குமிழி வரும் சூட்டில் 25 நிமிடம். பிறகு அடுப்பை அணைத்து 10 நிமிடம் விட்டு வடிகட்டுங்கள். ஆட்டெலும்பு சூப் மாதிரி மணிக்கணக்கில் வைத்தால் முள்ளின் சுண்ணாம்பு இறங்கி, நாக்கில் மாவு தடவியது போலிருக்கும்.

இனி சவுடர். அகலமான, அடி கனத்த பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். சால்ட் போர்க்கை 1 செ.மீ. கட்டிகளாக நறுக்கி, மிகச் சிறுதீயில் 12 முதல் 15 நிமிடம் கொழுப்பு இறங்க விடுங்கள். பொன்னிறமான துண்டுகளைத் தனியே எடுத்து வையுங்கள், கடைசியில் தூவலாம். கொழுப்பில் வெண்ணெய், வெங்காயம், தைம், பே இலை. வெங்காயம் கண்ணாடி போலானால் போதும், சிவக்க வேண்டாம்.

உருளைக்கிழங்கை 1 செ.மீ. கனத்தில் நறுக்கிப் போட்டு ஸ்டாக்கை ஊற்றுங்கள். நறுக்கிய பிறகு கழுவக் கூடாது, மேலே இருக்கும் மாவுச்சத்துதான் நமக்கு வேண்டியது. இந்த ஒரு கட்டத்தில் மட்டும் நன்றாகக் கொதிக்கட்டும். 10, 12 நிமிடத்தில் ஓரம் கரைந்து நடு சற்றே உறுதியாக இருக்கும். அப்போதும் நீர்த்திருந்தால் ஐந்தாறு துண்டுகளைப் பாத்திரச் சுவரில் வைத்து நசுக்கிக் கலந்து, இன்னும் 2 நிமிடம் கொதிக்கவிடுங்கள்.

இப்போதே உப்புப் பாருங்கள். தனியாகக் குடித்தால் சற்றுத் தூக்கலாக இருக்க வேண்டும். மீனும் கிரீமும் சேர்ந்ததும் சரியாகிவிடும். மீன் போட்ட பிறகு உப்புப் போட்டால் கிளற வேண்டியிருக்கும். அது கூடாது.

தீயைக் குறைத்து மீனைப் பெரிய துண்டுகளாக, ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவுக்கு, மேலே பரப்புங்கள். 5 நிமிடம். அடுப்பை அணைத்து மூடி 10 நிமிடம். மீன் அந்தச் சூட்டிலேயே வெந்து, தானே பெரிய இதழ்களாகப் பிரியும். அகப்பை அதைப் பிரிக்க வேண்டியதில்லை. தனியே சூடாக்கிய கிரீமை ஓரமாக ஊற்றிப் பாத்திரத்தை மெல்ல அசையுங்கள். மூடாமல் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அப்படியே வைத்துவிட்டு, ஆவி பறக்கும்வரை மட்டும் சூடாக்கிப் பரிமாறலாம். இந்த ஓய்வில்தான் குழம்பு சேர்ந்து வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள்.


அடுப்பங்கரை (சென்னை)

ரொம்ப விவரமா இருக்கு, நன்றிங்க. மூணு சந்தேகம். காட், ஹாடக் இங்க ஃப்ரோசன்ல கிடைச்சாலும் விலை கட்டுப்படியாகாது. வஞ்சிரம் போடலாமா? எங்க வீட்ல பன்றி சேர்க்க மாட்டோம், அதுக்குப் பதில் என்ன? பே இலைன்னா நம்ம பிரியாணிக்குப் போடுற இலைதானே?


செவுள் (தூத்துக்குடி)

மீனுக்கு நான் பதில் சொல்றேன்.

வஞ்சிரம் வேண்டாங்க. வறுவலுக்கு ராஜாதான், ஆனா சதை நெருக்கமா இருக்கும், இதழா பிரியாது. அந்தக் கடைசி 15 நிமிஷத்துல வறண்டு கட்டியாயிடும். சூரை, அயலை, மத்தி எல்லாம் எண்ணெய் மீன், பாலோட சேர்ந்தா வாடை தூக்கும். பாசா ஃபில்லட் மலிவா கிடைக்குது, ஆனா தண்ணியா விட்டுக் குழைஞ்சிடும், ருசியும் கிடையாது.

களவாதான் சரி. வெள்ளைச் சதை, பெரிய இதழ், தலையில நல்ல பசை. அடுத்தது கொடுவா. எங்க பக்கம் விளமீனும் நல்லா வரும். சங்கரா ருசி உண்டு, ஆனா சின்ன மீனா இருந்தா ஃபில்லட் மெலிசா இருக்கும். அடுப்பை அணைச்ச பிறகு போட்டாலே வெந்துடும்.

முழு மீனா வாங்குங்க. 2.5 கிலோ களவால சுமார் 1 கிலோ சதை கிடைக்கும். தலையும் நடுமுள்ளும் ஸ்டாக்குக்கு ஆச்சு. வெட்டுறவர்கிட்ட முதல்லயே சொல்லிடணும்: குறுக்கே துண்டு போட வேண்டாம், நடுமுள்ளை ஒட்டி ரெண்டு பக்கமும் முழுசா எடுங்க, தோலை உரிங்க, தலையையும் முள்ளையும் தனியா கட்டுங்க. செவுளை அவரையே எடுக்கச் சொல்லுங்க. வீட்டுக்கு வந்ததும் சதையோட நடுக்கோட்டுல விரலை ஓட்டிப் பாத்து, குத்துற முள்ளைச் சின்ன இடுக்கியால பிடுங்கணும்.

இன்னொண்ணு. மீனை மஞ்சள் போட்டோ, எலுமிச்சை பிழிஞ்சோ கழுவாதீங்க. புளிப்பு ஒட்டியிருந்தா பாலுக்கு ஆகாது. கல்லுப்பு போட்டுக் கழுவி, துணியால ஒத்தி எடுத்தா போதும்.


கரைவலை (பாஸ்டன்)

செவுள் அண்ணன் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கு:

பன்றி இல்லாமலும் நல்ல சவுடர் வரும். வெண்ணெயை மொத்தம் 60 கிராமாக்கி, உப்பைக் கொஞ்சம் கூட்டினால் போதும். நெய்யும் தேங்காயெண்ணெயும் வேண்டாம், இரண்டின் மணமும் மீனுக்கு மேலே நிற்கும். பன்றி சாப்பிடுபவர்களுக்கும் ஒரு குறிப்பு: சால்ட் போர்க் கிடைக்காமல் பேக்கன் போடுவதானால், நறுக்கிக் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு வடித்துவிட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் புகை வாசனை மட்டும்தான் மிஞ்சும்.

பிரியாணி இலையில் நீளவாக்கில் மூன்று நரம்பு ஓடும், பட்டை வாசனை அடிக்கும். பே இலைக்கு நடுவில் ஒரே நரம்பு. இரண்டும் வேறு மரம். சரியான இலை இல்லையென்றால் போடாமலே விடுங்கள், தைம் மட்டும் போதும்.

இந்தியாவில் கிரீம் வாங்கும்போது உறையைப் படியுங்கள். அட்டைப்பெட்டியில் வரும் 25 சதவீதக் கிரீம் பரவாயில்லை, கொதிக்க மட்டும் விடாதீர்கள். கேக் அலங்காரத்துக்கான தாவரக் கொழுப்பு விப்பிங் கிரீமை எடுத்துவிட வேண்டாம். பெரும்பாலும் சர்க்கரை கலந்திருக்கும், குழம்பே இனித்துப்போகும்.


மேப்பிள்இலை (ரொறன்ரோ)

கிரீம்தான் வேணும் எண்டு இல்லை. இங்க கனடாவில நோவா ஸ்கோஷியாவிலயும் நியூஃபவுண்ட்லாந்திலயும் கன வீடுகளில ரின்னில வாற எவாப்பரேற்றட் பால்தான் விடுறவை. தண்ணி பாதிக்கு மேல வத்தின பால், ரின்னில அடைச்சு நல்ல சூட்டில பதப்படுத்தினது, திரியாமல் இருக்கிறதுக்கு உப்பு வகையளும் சேர்த்திருக்கும். அதால கொஞ்சம் கூடச் சூடு ஏறினாலும் தாங்கும். முதல் தரம் செய்யிற ஆக்கள் இதிலயே தொடங்கலாம். கண்டென்ஸ்ட் பாலை மாறி எடுத்துப் போடாதேங்கோ, அது சீனிப் பால்.

மாவை ஏன் இவ்வளவு வெறுக்கிறியள் எண்டுதான் விளங்கேல்ல. வெங்காயம் வதங்கின பிறகு ஒரு மேசைக்கரண்டி கோதுமை மா தூவிப் பிரட்டினால் பாலும் திரியாது, குழம்பும் நிண்டு பிடிக்கும். பிள்ளையளுக்கு நீர்த்த சூப் பிடிக்காது.


கரைவலை (பாஸ்டன்)

எவாப்பரேட்டட் பால் பற்றி முழு உடன்பாடு. மெய்ன் மாநிலத்திலும் அதுதான் வழக்கம். சுண்டக் காய்ச்சிய பாலின் லேசான இனிப்பு இருக்கும். சிலருக்கு அதுதான் சவுடர் ருசி.

ஒரு மேசைக்கரண்டி மாவுக்குச் சண்டை இல்லை. மாவுச்சத்து பால் புரதத்தை ஒன்றோடொன்று ஒட்டவிடாமல் காப்பது உண்மைதான். ஆனால் இதில் ஏற்கனவே 750 கிராம் உருளைக்கிழங்கின் மாவுச்சத்து இருக்கிறது. அரை மணி நேரம் ஓய்வில் வைத்தால் இரண்டும் சேர்ந்து இறுகும். அடுப்பில் சரியாக இருந்தது கிண்ணத்தில் களியாகிவிடும். மாவு போடுவதானால் 1 லிட்டருக்கு 10 கிராமைத் தாண்ட வேண்டாம், கிழங்கை நசுக்குவதையும் விட்டுவிடுங்கள். பச்சை வாடை போக 2 நிமிடம் வறுபட வேண்டும், நிறம் மாறக் கூடாது.

கெட்டி வேண்டுபவர்களுக்கு இதைவிடப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அச்சில் வந்த சவுடர் குறிப்புகளில் மிகப் பழையதாக அறியப்படுவது 1751 செப்டம்பரில் பாஸ்டன் செய்தித்தாள் ஒன்றில் செய்யுளாக வந்தது. வெங்காயம், உப்புப் பன்றி, மீன், கப்பல் பிஸ்கட் என்று அடுக்கடுக்காக வைத்து, சிவப்பு ஒயின் விட்டு வேகவைக்கும் முறை. பாலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை, இரண்டும் 19ஆம் நூற்றாண்டில்தான் வழக்கத்துக்கு வந்தன. குழம்பைக் கெட்டியாக்கியது ஊறிய பிஸ்கட். இன்றும் செய்யலாம்: சர்க்கரையில்லாத உப்பு கிராக்கர் 50 கிராமைப் பொடித்து, 150 மி.லி. பாலில் 10 நிமிடம் ஊறவைத்து, மீன் போடுவதற்கு முன் கரைத்துவிடுங்கள். கிராக்கரில் உப்பு உண்டு, அதைக் கணக்கில் வைத்து உப்புப் பாருங்கள். குழம்பு உடம்போடு இருக்கும், பசை ஆகாது. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.


குளிர்கடல் (அபர்டீன்)

புகையூட்டிய ஹாடக் யாருக்காவது கிடைத்தால், மொத்த மீனில் மூன்றில் ஒரு பங்கு அதைப் போட்டுப் பாருங்கள். பன்றி சேர்க்காத வீட்டுக்கு அந்தப் பழைய உப்பும் புகையும் இதில் வந்துவிடும்.

இங்கே ஸ்காட்லாந்தின் மோரே கடற்கரையில் கல்லன் என்ற ஊரின் பெயரால் ‘கல்லன் ஸ்கிங்க்’ என்று ஒரு சூப் இருக்கிறது. புகை ஹாடக், உருளைக்கிழங்கு, வெங்காயம், பால், அவ்வளவுதான். சவுடருக்கு மிக நெருங்கிய உறவு. அதன் செய்முறையில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். புகை மீனை நேரே சவுடரில் போடாமல், தோலோடு 400 மி.லி. பாலில் வைத்து, கொதி வராமல் 6, 7 நிமிடம் வேகவிடுங்கள். மீனை எடுத்துத் தோலுரித்து இதழாகப் பிரித்து வைத்துவிட்டு, அந்தப் பாலை வடிகட்டிக் கடைசியில் சேருங்கள். ஸ்டாக்கை அந்த அளவு குறைத்துக்கொள்ள வேண்டும். உப்பு கடைசிவரை போடாதீர்கள், பாலிலேயே நிறைய இறங்கியிருக்கும்.

பளீரென்ற மஞ்சளில் இருப்பது சாயம் ஏற்றியது. வெளிறிய வைக்கோல் நிறத்தில் இருப்பதை வாங்குங்கள்.


பனிப்பெட்டி (டெக்சாஸ்)

எங்கள் ஊரில் ஃப்ரோசன் காட் மட்டுமே கிடைக்கிறது. அதைப் போட்டால் சவுடர் நீர்த்துப்போகிறது, மீன் ரப்பர் மாதிரி இருக்கிறது. காரணம் என்ன? தலை, முள் எதுவும் கிடைக்காது, ஸ்டாக்குக்கு என்ன செய்வது? ஃபில்லட்டில் பழுப்பு நிறத்தில் சுருண்ட புழு போல ஒன்று இருந்தால் அந்த மீனைப் பயன்படுத்தலாமா?


செவுள் (தூத்துக்குடி)

ரப்பரா இருக்கிறதுக்குக் காரணம் உறையில இருக்கும். உள்ளடக்கத்துல சோடியம் ட்ரைபாலிபாஸ்பேட்னு இருந்தா, அந்த மீன் தண்ணியைப் பிடிச்சு வைக்கிற கரைசல்ல ஊறினது. சூடு பட்டதும் அந்தத் தண்ணி குழம்புல இறங்கும், சதை வழுக்கலா இழுபடும். மீன், உப்பு, தண்ணி தவிர வேற எதுவும் இல்லாத பொட்டலமா பாத்து வாங்கணும். மேல இருக்கிற ஐஸ் பூச்சும் எடையில சேர்ந்திருக்கலாம், நிகர எடையைப் பாருங்க.

உருக வைக்கிறது ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜ்லதான். காத்துப் புகாத பொட்டலமா இருந்தா முதல்ல உறையைக் கிழிச்சிடுங்க. காத்தில்லாத இடத்துல, வெதுவெதுப்புல உருகினா விஷக் கிருமி வளர இடம் உண்டு. உருகினதும் 1 கிலோவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு தடவி, கம்பித் தட்டு மேல 30 நிமிஷம் வச்சு, இறங்கின தண்ணியைத் துணியால ஒத்தி எடுங்க. இதுலயே பாதி வித்தியாசம் தெரியும்.

புழு காட் மீன்ல சகஜம், மீன் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்ல. ஃபில்லட்டை விளக்குக்கு நேரா பிடிச்சா தெரியும், கத்தி முனையால எடுத்துடுங்க. வயித்துப் பக்கத்து மெலிசான சதையில அதிகமா இருக்கும். ஃப்ரோசன் மீன்னா கவலை குறைவு, மைனஸ் 20 டிகிரி செல்சியஸ்ல 7 நாள் இருந்தா செத்துடும். உள்சூடு 63 டிகிரி செல்சியஸ் வந்தாலும் சாகும். அமெரிக்க அரசு மீனுக்குச் சொல்ற வெப்பமும் அதேதான்.


கரைவலை (பாஸ்டன்)

63 டிகிரியைப் பற்றி ஒரு வார்த்தை. அணைத்த அடுப்பில் மீன் வேகும் என்பது பாத்திரம் கனமாகவும், குழம்பு நல்ல சூடாகவும் இருந்தால்தான் உண்மை. மெல்லிய அலுமினியப் பாத்திரத்தில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். வெப்பமானி இருந்தால் கனமான துண்டின் நடுவில் குத்திப் பாருங்கள். இல்லையென்றால் ஒரு துண்டைப் பிளந்து பாருங்கள். நடுவிலும் கண்ணாடித்தன்மை போய் வெள்ளையாக, இதழாகப் பிரிய வேண்டும். போதவில்லையென்றால் 2 நிமிடம் சிறுதீ.

முள் கிடைக்காத ஊரில் இறால் ஓடு கைகொடுக்கும். ஓடும் தலையும் 400 கிராம், கொஞ்சம் வெண்ணெயில் சிவக்க வதக்கி 1.5 லிட்டர் தண்ணீரில் 20 நிமிடம். குழம்பு இளஞ்சிவப்பாக வரும், ருசி கொஞ்சம் வேறுபடும், ஆனால் நல்ல சவுடர்தான். பாட்டிலில் வரும் கிளாம் சாறும் சரி. உப்பு அதிகம், அதில் பாதியளவு தண்ணீர் சேர்த்துக்கொள்ளுங்கள். சிக்கன் கட்டி வேண்டவே வேண்டாம். மீன் பேசாது.


அடுப்பங்கரை (சென்னை)

திரிஞ்சு போயிட்டா காப்பாத்த வழி உண்டா? தக்காளி போடலாமான்னும் வீட்ல கேக்குறாங்க. 20 பேருக்குச் செய்யணும்னா மூணு மடங்கு போட்டா போதுமா?


மேப்பிள்இலை (ரொறன்ரோ)

திரிஞ்ச பாலைத் திருப்பிச் சேர்க்க ஏலாது, ஆனா சாப்பிடக் கூடியதா ஆக்கலாம். மீனையும் கிழங்கையும் துளைக் கரண்டியால மெதுவா அள்ளி வையுங்கோ. மிஞ்சின குழம்பில அஞ்சாறு கிழங்குத் துண்டைப் போட்டு, 100 மி.லி. கிரீமும் விட்டு மிக்ஸியில அடியுங்கோ. சூடான குழம்பு எண்டபடியால் மிக்ஸியைப் பாதிக்கு மேல நிரப்பாதேங்கோ, மூடி தெறிக்கும். அடிச்சதைத் திரும்ப ஊத்தி மெல்லிய சூடு காட்டினால் போதும்.

தக்காளியும் பாலும் ஒண்டாச் சேராது. புளிப்பு பாலைத் திரிக்கும், கிழங்கையும் வேகவிடாமல் இறுக்கும். தக்காளிதான் வேணுமெண்டால் பாலை விட்டிட்டு, கிழங்கு வெந்த பிறகு தக்காளி போட்டு மன்ஹாட்டன் முறையில செய்யுங்கோ.


கரைவலை (பாஸ்டன்)

மன்ஹாட்டன் முறையை மெய்ன்காரர்களிடம் சொல்லிவிடாதீர்கள். கிளாம் சவுடரில் தக்காளி போடுவதைச் சட்டவிரோதமாக்க 1939இல் அந்த மாநிலச் சட்டமன்றத்தில் மசோதாவே கொண்டுவந்தார்கள்.

20 பேருக்கு மூன்று மடங்கு சரி, ஆனால் ஆழமான ஒரே அண்டாவில் வேண்டாம். மேல் மீனின் எடையிலேயே அடி மீன் நசுங்கும், நடுவில் சூடும் போய்ச் சேராது. இரண்டு அகலமான பாத்திரமாகப் பிரித்து, மீன் ஒரே அடுக்காக இருக்கும்படி பாருங்கள். ஸ்டாக்கை மட்டும் மூன்று மடங்குக்கு இரண்டு குவளை குறைவாக ஊற்றுங்கள். பெரிய அளவில் ஆவியாவது குறைவு, மீனும் தண்ணீர் விடும்.

முந்தின நாளே கிழங்கு வெந்து உப்புப் பார்த்த கட்டம் வரை செய்துவிடலாம். தட்டையான தட்டுகளில் 5 செ.மீ. ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நன்றாகக் கொதிக்கவைத்து, தீயைக் குறைத்த பிறகுதான் மீன், அதன் பிறகு கிரீம். முடிந்த சவுடர் ஃப்ரிட்ஜில் இரண்டு நாள் தாங்கும். இரண்டாம் நாள் ருசி கூடும், ஆனால் சூடாக்கும்போது சிறுதீதான். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், கிழங்கு மணல்மணலாகும், கிரீம் பிரியும். உறைய வைக்க வேண்டியது ஸ்டாக்கை. அது மூன்று மாதம் கெடாது.

கிண்ணத்தில் முதலில் மீனையும் கிழங்கையும் துளைக் கரண்டியால் வைத்து, அதன் மேல் குழம்பை ஊற்றுங்கள். அகப்பையால் அப்படியே அள்ளினால் அடியில் இருக்கும் பெரிய துண்டுகள் கடைசிக் கிண்ணத்துக்குத்தான் போகும்.